அந்தத் தோழி யார்?

மாடிப்படியில் உட்கார்ந்து வாக்குக் கொடுத்தபோது, அது இவ்வளவு கனக்கும் என்று டாக்டரம்மா நினைக்கவில்லை.

டாக்டரம்மா என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். மருத்துவப் பட்டமெல்லாம் அவளிடம் கிடையாது. வாரப் பத்திரிகையில் பெண்கள் உடல்நலம் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறாள், அவ்வளவுதான். "என் தோழி ஒருத்தி" என்றுதான் அந்தப் பக்கம் தொடங்கும். வாசகிகளைக் கேட்டால் அவளுக்கு ஊர் முழுக்கத் தோழிகள், அத்தனை பேருக்கும் ஏதாவது ஓர் உபாதை என்பார்கள்.

இந்த வாரத்துத் தோழி அவளுடைய நாத்தனார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். எந்நேரமும் கழுத்தில் விசில் தொங்கியதால் வீட்டில் அவள் பெயரே விசில் என்று ஆகிவிட்டது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு, குதித்தால், தும்மினால், வாய்விட்டுச் சிரித்தால் கொஞ்சம் சிறுநீர் கசிந்துவிடுகிறது என்று மாடிப்படியில் உட்கார்ந்து சொல்லி அழுதாள். பிள்ளைகளோடு ஸ்கிப்பிங் ஆடுவதை நிறுத்திவிட்டாளாம். கறுப்பு பேன்ட் மட்டும்தான் போடுகிறாளாம்.

"எழுதிக்கோ அண்ணி, நாலு பேருக்கு உபயோகமா இருக்கும். ஆனா அது நான்னு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது. முக்கியமா அம்மாவுக்கு."

"சத்தியமா."

சொன்ன சொல்லைக் காப்பாற்ற டாக்டரம்மா ரொம்பவே மெனக்கெட்டாள். விசிலின் வயதைக் கூட்டினாள். மைதானத்திலிருந்து அவளைத் தூக்கி ஒரு நாற்காலி வேலையில் உட்கார வைத்தாள். துறுதுறுவென்று ஓடுகிறவளை, சினிமாவில் ஓரத்து இருக்கை கேட்கிறவளாக மாற்றினாள். வெளியே கிளம்பும் முன் தண்ணீர் குடிக்க மாட்டாள் என்றும், யாராவது வேடிக்கையாகப் பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவாள் என்றும் சேர்த்தாள். இந்த விவரமெல்லாம் எங்கிருந்து வந்தது என்று அவள் யோசிக்கவில்லை. பக்கத்து அறையிலிருந்து யாரோ மெல்லிய குரலில் சொல்லச் சொல்ல எழுதுவதுபோல, விரல்கள் தம் பாட்டுக்கு ஓடின.

முடித்ததும் பெருமையாகவே இருந்தது. பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது என்று நினைத்துக்கொண்டாள்.

அங்கேதான் வந்தது வினை.

அந்த வீட்டில் ஒரு நடைமுறை உண்டு. டாக்டரம்மா எதை எழுதினாலும் முதலில் மாமியாரின் மேஜைக்குப் போகும். மாமியார் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய சிவப்புப் பென்சில் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. எந்தப் பேச்சையும் ஒரே வார்த்தையில் முடித்துவைப்பார். அதனால் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் அவருக்கு முற்றுப்புள்ளி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் டாக்டரம்மா என்னென்னவோ ஜோக் சொல்லிப் பார்த்தாள். ஜோக் முடியும் முன்பே மாமியார் எழுந்து உள்ளே போய்விடுவார். பிறகு அவளும் விட்டுவிட்டாள்.

இந்தக் கட்டுரையை மட்டும் அவள் மாமியாரிடம் காட்டவில்லை. நேராகப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டாள்.

இன்று காலை இதழ் வந்தது.

மாமியார் மேஜையில் இதழை விரித்து, கண்ணாடியை மாட்டி, பென்சிலைக் கையில் எடுத்தார். அச்சாகி வந்த பிறகும் திருத்துவார். அது அவருக்குச் செய்தித்தாள் படிப்பது மாதிரி. டாக்டரம்மா பாத்திரம் கழுவுகிற சாக்கில் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கணவன் ஷூ மாட்டிக்கொண்டே அம்மாவை எட்டிப் பார்த்தான். "பென்சில் அசையவே இல்லையே. ஒரு பிழைகூட இல்லையா?" என்றவன், அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினான். "சரி, எனக்கு ஆபீஸுக்கு நேரமாச்சு." இரண்டாவது ஷூவின் கயிற்றைக் கட்டாமலே வெளியே போய்விட்டான்.

மாமியார் இதழை மடித்தார்.

"யாரு இந்தத் தோழி?"

"ஒரு... தோழி அத்தை."

"எங்க வேலை பார்த்தா?"

"ஏதோ ஆபீஸ்ல. உட்கார்ந்து பார்க்கிற வேலை."

"சினிமாவுல ஓரத்து சீட்டு. கிளம்பும்போது தண்ணி குடிக்கிறதில்ல. சிரிப்பு வந்தா எழுந்து போயிடறது." ஒவ்வொன்றையும் பென்சில் முனையால் மேஜையில் தட்டித் தட்டிச் சொன்னார். "எத்தனை வருஷமா என்னை வேவு பார்க்கிறே?"

டாக்டரம்மாவின் கையிலிருந்த டம்ளர் தொட்டிக்குள் விழுந்தது.

அந்த ஒரு கணத்தில் அவளுக்கு இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, மாமியாருக்கும் அதே தொந்தரவு. இன்னொன்று, விசிலை மறைக்க அவள் தைத்த சட்டை மாமியாருக்கு அளவெடுத்ததுபோலப் பொருந்திவிட்டது.

"ஐயோ அத்தை, அது நீங்க இல்ல!"

"அப்ப யாரு?"

வாய் வரைக்கும் வந்த பெயரை மென்று விழுங்கினாள். முக்கியமா அம்மாவுக்கு என்று விசில் சொன்னது காதுக்குள் ஊதியது.

"சொல்ல முடியாது அத்தை."

"சொல்ல முடியாது. சரி. மத்ததையெல்லாம் என்கிட்ட காட்டிட்டு அனுப்புவே. இதை ஏன் காட்டல?"

இதற்கு அவளிடம் இருந்த ஒரே பதிலையும் சொல்ல வழியில்லை.

"நேருக்கு நேரா கேட்டிருந்தா சொல்லியிருப்பேனோ என்னவோ. ஊரெல்லாம் படிச்ச பிறகு நான் படிக்கணுமா?" மாமியாரின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால்கூடத் தேவலை. சிவப்புப் பென்சிலை மேஜை நடுவில் வைத்தார். "இனிமே உன் பிழையை நீயே பார்த்துக்கோ."

அறைக் கதவு சாத்திக்கொண்டது.

டாக்டரம்மா அந்தப் பென்சிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். தான் எழுதுகிற ஒவ்வொரு வரியும் முதலில் யார் கண்ணில் படுகிறதோ, அந்தக் கண் இனிமேல் தன் பக்கம் திரும்பாது. உண்மையைச் சொன்னால் மாமியார் திரும்பக் கிடைப்பார், நாத்தனார் போய்விடுவாள். சொல்லாவிட்டால் இன்றைக்குச் சாத்திய கதவு சாத்தியபடியே இருக்கும்.

விசிலுக்குப் போன் போட்டாள். பின்னால் மைதானமே கத்திக்கொண்டிருந்தது.

"அண்ணி! கலக்கிட்டே போ! ஸ்டாஃப் ரூம்ல ஒரே அமர்க்களம். சயின்ஸ் மிஸ் என்னைத் தனியா கூப்பிட்டு, 'உங்க அண்ணி என்னை எப்ப பார்த்தாங்க'ன்னு கேட்கிறாங்க. லைப்ரரி மேடம் அது தன்னைப் பத்திதான்னு கோவமா இருக்காங்க. என்னை மட்டும் ஒருத்தரும் சந்தேகப்படல!" உடனே மைதானத்தைப் பார்த்து, "ஏய், பந்தைக் கீழ போடு!" என்று ஒரு அதட்டல்.

"விசில், அந்த வாக்கு இருக்கு இல்ல... அதைக் கொஞ்சம் தளர்த்திக்கலாமா?"

"எந்த வாக்கு?"

"அம்மாகிட்ட சொல்லக் கூடாதுன்னு..."

"அண்ணி! வேணவே வேணாம். அம்மாவுக்கு இதெல்லாம் எப்படிப் புரியும்? சிரிச்சே பார்க்காத ஆளுகிட்டப் போய், சிரிச்சா கசியுதுன்னு சொல்லச் சொல்றியா?"

டாக்டரம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். இப்போது அவள் கையில் ஒன்றுக்கு இரண்டு ரகசியம். மகளுடையதைத் தாயிடம் சொல்ல முடியாது. தாயுடையதை மகளிடம் சொல்ல முடியாது. நடுவில் நிற்கிற தனக்கே மூச்சு முட்டுகிறது.

"என்ன அண்ணி, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. தண்ணி தாகம்" என்று உளறிவிட்டுப் போனை வைத்தாள்.

மதியம் மாமியார் சாப்பிட வரவில்லை. மூடிவைத்த தட்டு மேஜையில் ஆறிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே வந்த வெயில் தரையில் ஒரு கட்டமாகப் படுத்து, மெல்ல மெல்ல அந்தச் சாத்திய கதவை நோக்கி ஊர்ந்தது. அது கதவைத் தொடுவதற்குள் எதையாவது செய்துவிட வேண்டும் என்று டாக்டரம்மாவுக்கு ஏனோ தோன்றியது.

தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள். திறந்துகொண்டு உள்ளே போனாள். மாமியார் கட்டிலில் சுவர்ப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

அந்த முதுகைப் பார்த்ததும் அவள் முடிவு செய்துவிட்டாள்.

"ஆமா அத்தை. உங்களைப் பத்திதான் எழுதினேன். தப்புதான். உங்களைக் கேட்டிருக்கணும்."

மாமியார் திரும்பினார். "காலையில இல்லைன்னே?"

"பயத்துல சொன்னேன்."

"இப்ப பயம் போயிடுச்சா?"

"இல்ல. பசி வந்துடுச்சு. நீங்க சாப்பிட்டாத்தான் நான் சாப்பிட முடியும்."

மாமியாரின் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அவர் எழுந்திருக்கப் போன அதே நேரம், வாசல் பக்கமிருந்து ஒரு குரல்.

"அண்ணி எதுக்குப் பொய் சொல்றா?"

விசில். வியர்வையும் புழுதியுமாக அறை வாசலில் நின்றாள். போனில் அண்ணியின் குரல் சரியில்லை என்றதும் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"அண்ணி எழுதினது உன்னைப் பத்தி இல்லம்மா. என்னைப் பத்தி."

"நீ சும்மா இரு விசில்" என்றாள் டாக்டரம்மா.

"எதுக்கு சும்மா இருக்கணும்? எனக்காகப் போட்ட வேஷத்துக்கு நீ திட்டு வாங்கிட்டு நிப்பியா?" என்று கேட்டுவிட்டு, அம்மாவின் பக்கம் திரும்பினாள். சொல்ல ஆரம்பித்தபோது இருந்த வேகம் பாதியில் குறைந்தது. "ஸ்கிப்பிங் ஆடினா... தும்மினா... எனக்கு நிக்க மாட்டேங்குதும்மா. உனக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பியோன்னு, அண்ணியைச் சத்தியம் பண்ணச் சொன்னதே நான்தான்."

மாமியார் மகளை ஏற இறங்கப் பார்த்தார். நாள் முழுக்க ஓடுகிற, மூச்சு வாங்காமல் கத்துகிற, எதற்கும் அசராத மகள்.

"உனக்கும் வந்துடுச்சா?" என்றார் மெதுவாக.

"ஆமாம்மா" என்ற விசில், பிறகுதான் நிமிர்ந்தாள். "என்ன கேட்டே? எனக்குமா? அப்ப வேற யாருக்கு?"

விசில் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி கூரையைப் பார்த்தாள்.

"எனக்குத்தான்" என்றார் மாமியார். "நீ பொறந்ததுலேருந்து."

"அப்ப என்னாலயா?"

"உன் தலை அப்பவே பெருசு."

டாக்டரம்மாவுக்குப் பக்கென்று சிரிப்பு வந்துவிட்டது. கையிலிருந்த தட்டைச் சட்டென்று கட்டிலில் வைத்தாள். முற்றுப்புள்ளி ஜோக் சொல்கிறார்! இந்த வீட்டில் அவள் எதிர்பார்க்காத எத்தனையோ நடந்திருக்கிறது. ஆனால் இது அதற்கெல்லாம் மேலே.

"அத்தை, ஒண்ணு கேட்கட்டுமா? நான் ஜோக் சொன்னா எழுந்து போயிடுவீங்களே... என்னைப் பிடிக்கலைன்னுதானே இத்தனை நாளா நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

"உன் ஜோக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கும்" என்றார் மாமியார் வருத்தத்தோடு. "அதானே பிரச்சினை. மோசமா இருந்தா உட்கார்ந்து கேட்டிருப்பேன்."

அதற்கு மேல் தாங்கவில்லை. முதலில் விசில் வெடித்தாள். அடுத்து டாக்டரம்மா. மாமியார் உதட்டைக் கடித்தார், கண்ணை மூடினார், சுவரைப் பிடித்தார். முடியவில்லை. "ஏன்டி ரெண்டு பேரும் இப்படி..." என்று ஆரம்பித்தவர் வாக்கியத்தை முடிக்காமலே குளியலறைக்கு ஓடினார். விசிலும் "எனக்கும்மா, எனக்கும்மா" என்று பின்னாலேயே ஓடி, மூடிய கதவை இரண்டு கையாலும் தட்டினாள். உள்ளேயிருந்து கேட்ட சிரிப்பு மணியடித்த மாதிரி இல்லை. பழைய கதவு ஒன்று பிடிவாதமாகத் திறந்துகொள்கிற சத்தம் மாதிரி இருந்தது. அந்த வீட்டுக்கு அது புதுச் சத்தம்.

முகம் கழுவிக்கொண்டு வந்து மாமியார் சாப்பிட உட்கார்ந்தார்.

"என்னைப் பார்க்காமலேயா என்னை எழுதினே?" என்று மருமகளைக் கேட்டார்.

"பார்த்துக்கிட்டேதான் இருந்திருக்கேன் அத்தை. பார்க்கிறேன்னு எனக்கே தெரியல. ஊருக்கெல்லாம் புத்தி சொல்றேன். ஓரத்து சீட்டு ஏன்னு உங்களை ஒரு நாள் கேட்டதில்ல."

"கேட்டிருந்தாலும் கால் நீட்ட வசதின்னுதான் சொல்லியிருப்பேன்." ஒரு வாய் மென்றார். "கடைசிப் பத்தியில எழுதியிருக்கியே, வயசானா இப்படித்தான்னு விட்டுடக் கூடாது, பயிற்சியில நிறையப் பேருக்குக் குறையும்னு. நிஜமா, இல்ல பத்திரிகைக்கா?"

"நிஜம் அத்தை. ஆனா முதல்ல ஒருத்தர் பார்த்துச் சொல்லணும். எல்லாருக்கும் ஒரே காரணம் இருக்காது."

"எப்பப் போகலாம்?"

விசிலும் டாக்டரம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த வாய் ஒருமுறை திறந்தால் மூடுவதற்குள் கூட்டிப்போய்விட வேண்டும். டாக்டரம்மா போனை எடுத்தாள்.

கட்டுரைக்காக அவள் பேசியிருந்த பிசியோதெரபிஸ்ட் சாயங்காலமே வரச் சொன்னார். இளம்பெண்தான். சின்ன அறை, ஒரு கட்டில், ஒரு திரை, சுவரில் இடுப்பெலும்பின் படம். முதலில் மாமியாரையும் விசிலையும் ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் நிதானமாகக் கேட்டு, பரிசோதித்தார். பிறகு மூவரையும் உட்கார வைத்து, அடி வயிற்றுக்குக் கீழே தொட்டில் மாதிரி தாங்குகிற தசையைப் பற்றிச் சொன்னார்.

"சிறுநீரை அடக்குற மாதிரி உள்பக்கமா மெல்ல மேலே இழுங்க. மூச்சை மட்டும் பிடிக்கக் கூடாது. அம்மா, நீங்க மூச்சைப் பிடிக்கிறீங்க."

"பழக்கம்" என்றார் மாமியார். "இத்தனை வருஷமா பிடிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்."

பிசியோ பெண் சிரித்தார். "விடுங்க. இனிமே விடலாம். உங்களை ஒரு பெண் மருத்துவரும் பார்க்கணும், கர்ப்பப்பை கொஞ்சம் கீழே இறங்கியிருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல. அதுக்கும் வழி இருக்கு." பேனாவைத் திறந்துகொண்டார். "எல்லார்கிட்டயும் ஒண்ணு கேட்பேன். இது சரியானா, முதல்ல என்ன செய்யணும்னு ஆசை?"

"ஸ்கிப்பிங்" என்றாள் விசில், அவர் கேட்டு முடிப்பதற்குள். "வெள்ளை பேன்ட் போட்டுக்கிட்டு."

"அம்மா, உங்களுக்கு?"

சிரிக்கணும் என்பார் என்று டாக்டரம்மா நினைத்தாள். மாமியார் மடியிலிருந்த கைப்பையின் வாரை ஒரு சுற்றுச் சுற்றினார், பிறகு அவிழ்த்தார்.

"என் தங்கச்சி வீட்டுக்குப் போகணும்."

விசில் சடாரென்று திரும்பினாள். சித்தியின் பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. அக்காவுக்கும் தங்கைக்கும் ஏதோ பெரிய சண்டை என்பது மட்டும்தான் எல்லோருக்கும் தெரியும். சொத்தா, சொல்லா என்று யாருக்கும் தெரியாது. கேட்கவும் துணிச்சல் கிடையாது.

"அம்மா, சித்தியோடதான் சண்டையாச்சே?"

"அவ இருக்கிறது எங்க? பஸ்ஸுல ஏறினா பாதி நாள். நடுவுல எங்கயும் நிறுத்த மாட்டான். அவ பொண்ணு கல்யாணத்துக்குக் கூப்பிட்டா, இடுப்பு வலின்னேன். பேரன் பொறந்தப்பக் கூப்பிட்டா, கண் வலின்னேன். அவளும் விடாம கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. சொல்றதுக்கு எனக்கு வலி தீர்ந்துபோச்சு." மாமியார் சுவரிலிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அதான் ஒரு நாள் வேணும்னே சண்டை போட்டேன். சண்டைன்னா வான்னு கூப்பிட மாட்டா இல்ல."

பிசியோ பெண்ணின் பேனா எழுதாமல் நின்றது. விசில் அம்மாவின் தோளில் கையைப் போட்டாள். வழக்கமாக உதறிவிடுகிற தோள் இன்று அப்படியே இருந்தது.

வெளியே படியில் இறங்கியபோது தெருவிளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் விழித்துக்கொண்டிருந்தன. சைக்கிள்களும் கடை வாசல் பேச்சுகளுமாகத் தெரு சாயங்காலத்துக்கே உரிய அவசரத்தில் இருந்தது. மாமியார் கடைசிப் படியில் நின்றுவிட்டார். மருமகளிடம் கையை நீட்டினார்.

"போனைக் குடு."

"நம்பர்?"

"தெரியும்."

ஒரு எண்ணைக்கூட யோசிக்காமல் அழுத்தினார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாள் போலிருக்கிறது என்று மாமியார் போனைக் காதிலிருந்து இறக்கப் போனபோது, அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்டது. படியில் நின்ற மூன்று பேருக்கும் கேட்டது.

"யாரு?"

ஒரே வார்த்தையில் பேச்சை முடித்துவைக்கிற மாமியாருக்குத் தொடங்குவதற்கு ஒரு வார்த்தை அகப்படவில்லை. விசில் அவர் முதுகை மெல்லத் தள்ளினாள்.

"யாருங்க?" என்ற குரல் சற்று நின்றது. பிறகு தாழ்ந்தது. "அக்காவா?"

"ம்."

"இன்னும் என்ன சண்டை பாக்கி இருக்கு?"

"சண்டையெல்லாம் எப்பவுமே இல்லடி" என்றார் மாமியார். குரல் உடைந்தது, அவர் அதைத் திருத்திக்கொள்ளவில்லை. "பஸ்தான்."



"பஸ்ஸா?"